நேராகப் பார்த்தால் மினுக்காது

முட்டை வண்டியில் மோதினால் சத்தம் பெரிதாக வராது இன்ஸ்பெக்டர் மேடம். பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி ஒரு 'பொதுக்'. அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒழுகுவதுதான் ஒழுகும். மஞ்சளும் வெள்ளையுமாக மோகனூர் ரோட்டில் இறங்கி, என் காரின் முன் டயரைச் சுற்றித் தேங்கி நின்றது. நான் இறங்கினேன், வழுக்கினேன், உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டியோடு முட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "புள்ள திடீர்னு பிரேக் போட்டுருச்சுங்க. பாவம், அதுக்குக் கண்ணு சரியில்லீங்க."

மோதியது நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் போன வண்டியை ஓட்டியது என் கொழுந்தியா அறிவுச்செல்வி. உங்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பெண்தான். அவள் பிரேக்கே போடவில்லை.

என் பெயர் வேலுமணி. நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவில் லைட் கடை வைத்திருக்கிறேன். நான் லைட் போட்ட லாரி சாயங்காலம் கிளம்பினால் யாரோ கல்யாணப் பந்தலைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது போலிருக்கும். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் இல்லை. அது நல்லதுதான் என்று என் மனைவி சொல்லுவாள். முகம் தெரிந்திருந்தால் கழுத்தை நீட்டியிருக்க மாட்டாளாம்.

எல்இடி லைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கேஸுக்கு அவசியம். பழைய பல்பை மங்கலாக்க கரண்டைக் குறைத்தால் போதும். எல்இடியைப் பெரும்பாலும் அப்படி மங்கலாக்குவதில்லை. அணைத்து அணைத்துப் போடுவோம், கண்ணால் தொடர முடியாத வேகத்தில். பார்ப்பவருக்கு மங்கலாக எரிவது போலிருக்கும். பிரேக்கை மிதித்தால் பின் லைட் அணையாமல் முழுசாக எரியும். காலை எடுத்தால் பழையபடி அணைந்து அணைந்து எரியும். இந்த வேலையைச் செய்ய உள்ளே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. நல்ல பெட்டி மகா சுறுசுறுப்பு, அநேகமாக யார் கண்ணிலும் சிக்காது. மட்டமான பெட்டி சோம்பேறி. நான் வாங்கியது சோம்பேறி. எங்களுக்குள் உடனே ஒத்துப்போய்விட்டது.

சோம்பேறிப் பெட்டியின் குட்டுகூட எல்லோருக்கும் தெரியாது. சிலருக்குத்தான் மினுக்கும். அவர்களுக்கும் அசையாமல் நேராகப் பார்த்தால் தெரியாது. கண்ணைத் திருப்பும்போது தெரியும், கடைக்கண்ணில் தெரியும். அதனால் கடைக்கு வருகிறவரை லைட்டுக்கு எதிரே நிறுத்தி, "நேராப் பாருங்க. சாமி கும்புடற மாதிரி, அசையாம" என்பேன். அவர் பார்ப்பார், பரவசமாவார், வாங்கிக்கொண்டு போவார்.

செல்போன்தான் தொந்தரவு. அதில் படம் பிடித்தால் மினுக்கல் பளிச்சென்று தெரிந்துவிடும். அதற்காக நான் ஒரு சம்பிரதாயம் கண்டுபிடித்தேன். புது லாரிக்குப் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்குகிற வரைக்கும் லைட்டைப் படம் பிடிக்கக் கூடாது, திருஷ்டி. கட்டாயம் பிடிக்க வேண்டுமென்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு பிடிக்கலாம். கால் பிரேக்கில் இருந்தால் திருஷ்டி படாது.

ஒரு வருஷத்துக்குள் அது பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. ராசிபுரத்திலிருந்து வந்த ஒருவர் எனக்கே அதை விளக்கிச் சொன்னார், முன்னோர் சும்மாவா வைத்தார்கள் என்று. நான் பயபக்தியோடு தலையாட்டினேன்.

இப்போது அறிவுச்செல்வி. கோழிப் பண்ணைகளில் முட்டை ஏற்றி மோகனூர், பரமத்தி வரைக்கும் கடைகளுக்குப் போடுகிறவள். சொந்த வண்டி. அவளுக்கு அந்த வண்டிதான் வேலை, அதுதான் சோறு, அதுதான் யாரையும் கேட்காமல் வெளியே போக ஒரு வழி. அதன் சாவி இன்றைக்கு அவள் அப்பா செல்லமுத்துவின் பீரோவில் இருக்கிறது. வண்டியை விற்பதற்கு ஆளும் பார்த்தாகிவிட்டது. பார்த்தது நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீட்டில் கறிச்சோறு. அவள் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, உங்க லைட்டு போட்ட லாரி முன்னால போனா எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க. கண்ணைத் திருப்புனா ஒரு லைட்டு கோலப்புள்ளியாட்டம் வரிசையா நிக்குது. எந்தப் புள்ளி நெசம்னே தெரியறதில்ல."

மாமனார் எலும்பைக் கீழே வைத்தார். "ஊட்டு வாசல்ல ஒரு நாளாச்சும் புள்ளி வெச்சிருக்கறயா நீ? அதுதான் ரோட்டுல வருது."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "இல்லீங்கப்பா, ஓட்டறவங்களுக்கு ஆபத்துங்க. பட்டறையில நானே எல்லார்த்துகிட்டயும் சொல்லப் போறேன்" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்காகத்தான். கல்யாணம் ஆக வேண்டிய பெண், பட்டறை பட்டறையாகப் போய் 'எனக்குப் புள்ளி தெரியுது' என்று சொன்னால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அவளைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று பட்டது.

அடுத்த வாரம் மாமனார் வீட்டு வாசலில் ஒரு பரீட்சை வைத்தேன். என் கடை லைட் ஒன்றை எல்லோர் முன்னாலும் எரிய விட்டேன். உள்ளே மட்டும் சோம்பேறிப் பெட்டியைக் கழற்றிவிட்டு நல்ல பெட்டியை மாட்டியிருந்தேன். அறிவு பார்த்தாள். கண்ணைத் திருப்பினாள். இந்தப் பக்கம் நடந்தாள், அந்தப் பக்கம் நடந்தாள், கடைக்கண்ணால் பார்த்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண் மேடம். நான் அதை நம்பித்தான் பரீட்சையே வைத்தேன்.

"மினுக்குலீங்க மாமா" என்றாள், மெதுவாக.

"இதே லைட்டுதான சாமி, எல்லா லாரியிலயும் இருக்குது?" என்றேன்.

"ஆமாங்க."

"அப்ப மினுக்கறது லைட்டா, கண்ணா?"

என் மனைவி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சின்ன வயசிலிருந்தே இளகின மனசு.

ஆறுதலுக்காக அவள் வண்டியின் பின்னால் புத்தம்புதுசாக ஒரு ஜோடி லைட் மாட்டிக் கொடுத்தேன். சோம்பேறிதான். பின் லைட் ஓட்டுகிறவருக்குத் தெரியாதே. தவிர, 'வேலுமணி சொந்தக் கொழுந்தியா வண்டிக்கே போட்டிருக்காரு' என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அது தானாக நடந்தது.

அதற்கப்புறம்தான் மோகனூர் ரோடு, முட்டை, வேட்டி எல்லாம். கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தை எனக்கு முன்னால் மாமனார் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அறிவு, "நான் பிரேக் போடலீங்கப்பா" என்றாள். மாமனார் என்னைப் பார்த்தார். நான் அவளைக் காட்டிக்கொடுக்க மனசில்லாதவன் மாதிரி தரையைப் பார்த்தேன்.

சேலத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் நல்ல மனிதர், அவர் மேல் தப்பில்லை. "ஓட்டும்போது நினைவு தப்புதா?" என்று அவளைக் கேட்டார். அவள் இல்லை என்றாள். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். "அதுக்கே தெரியறதில்லீங்க டாக்டர். கொஞ்ச நேரம் அப்படியே நின்னு போயிரும். ஊட்டுல எல்லாரும் பார்த்திருக்கோம்" என்றேன். வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். வண்டி ஓட்டக் கூடாது என்றார். சாவியை அன்றைக்கே அவளாகக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். யாரும் பிடுங்கவில்லை. இதையும் எழுதுங்கள்.

மாத்திரை போட்டால் அவளுக்குத் தூக்கமாக வரும். பேச்சு குழறும். நேரம் தவறக் கூடாதென்று என் போனில் மணி வைத்திருந்தேன், மணி அடித்ததும் கடையை விட்டுவிட்டுப் போய், "சாமி, மாத்திரை போட்டயா?" என்று கேட்பேன். சொந்த அண்ணன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான் என்று பக்கத்து வீட்டு ராமாத்தாள் சொன்னாள். வலிப்பு என்று கேள்விப்பட்டதும், அவளைப் பெண் கேட்டிருந்த நாமகிரிப்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பையனுக்கு எப்படியும் முன் வழுக்கை.

எப்படி மாட்டிக்கொண்டேன் என்று கேட்டீர்கள். ஒரு புது லாரிக்குப் பட்டறையில் பூசை. அக்காவுக்குத் துணையாக அறிவும் வந்திருந்தாள். எதற்கென்று இல்லாமல் செல்போனைத் தூக்கினாள். லாரிக்காரர் சின்னுசாமி பதறி ஓடி வந்தார்.

"ஏனுங், லைட்டைப் புடிக்காதீங்க! திருஷ்டி! தாத்தா காலத்து வழக்கம்!"

மாத்திரைத் தூக்கத்திலும் அவள் கேட்டாள்: "தாத்தா காலத்துல ஏதுங்க செல்போனு?"

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டா புடிச்சுக்கலாங்க" என்றார். அவள் பிரேக்கோடு பிடித்தாள். லைட் கிண்ணென்று நின்று எரிந்தது. பிறகு டிரைவரைக் காலை எடுக்கச் சொல்லிப் பிடித்தாள். அந்தப் படம்தான் உங்கள் மேசை மேல் இருக்கிறது. திருஷ்டி யார் மேல் பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. அவள் பிரேக் போடவில்லை என்றால் நான் எப்படி மோதினேன்? இத்தனை நேரமும் நீங்கள் அதைக் கேட்பீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பொழுது மசங்குகிற நேரம். எதிரே சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் வந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை முன்னால் திருப்பினேன். அறிவு வண்டியின் ரெண்டு சிவப்பு லைட்டும் ரெண்டு வரிசைப் புள்ளிகளாக நின்றன. கோலப்புள்ளியாட்டம். எந்தப் புள்ளி நிஜம் என்று நான் தேடி முடிப்பதற்குள், 'பொதுக்'.

எனக்கும் மினுக்கும் மேடம். அன்றைக்கு மட்டும் இல்லை. சோம்பேறிப் பெட்டியை முதன்முதலாகக் கடையில் மாட்டிப் பார்த்த நாளிலிருந்து. அதனால்தான் நேராக நின்று பார்க்கச் சொல்லத் தெரிந்தது. கோலப்புள்ளி என்று அவள் சாப்பாட்டில் சொன்னபோது, அடடா, எவ்வளவு சரியாகச் சொல்லுகிறாள் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஆனாலும் என்னைக் கெட்டவன் என்று எழுதுவதற்கு முன் ஒன்று. நான் அவளைத் திட்டியதில்லை. கை நீட்டியதில்லை. இது பாசத்தில் செய்ததா இல்லையா என்று மனைவியைக் கேட்டேன், "சோறு ஆறுது" என்றாள். மாமனாரைக் கேட்டேன், இருமினார். இதோ உங்களையும் கேட்டுப் பார்த்தேன், பேனாவை மூடி மூடித் திறக்கிறீர்கள். அவளையே கேட்டுவிடுகிறேன், அவள் பொய் சொல்ல மாட்டாள்.

சாமி, அறிவு. இங்க பாரு. மாமன் செஞ்சதெல்லாம் உம்மேல இருக்கற பாசத்துலதான? மழுப்பாம நேராச் சொல்லு.

"இல்லீங்க மாமா. லைட்டு விக்கறதுக்கு."