மூன்றாவது பின்னில் ஒரு சைபர்

செம்பூரில் மழை பிடித்தால் எங்கள் பட்டறையில் முதலில் நனைவது என் மேஜைதான். சிராஜின் மேஜை நனையாது. அதை முதலாளி கலீலுல்லா பாய் தன் அறையை ஒட்டிப் போட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு அங்கே ஒன்பது வருஷ சர்வீஸ், அவனுக்கு ஒன்றரை.

தோல் வெட்டும் பிரஸ்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிறோம். அவன் ‘சி’ மொழியில் புரோகிராம் எழுதுவான், நான் அதைச் சிப்பில் ஏற்றுவேன். “நம்ம சிராஜுக்குத் தங்கக் கை” என்று பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கு வயிறு எரியும். அதை மறைக்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார்.

பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு உண்டு. அது திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது. கதவின் சுவிட்ச் வந்து சேர்வது சிப்பின் மூன்றாவது பின்னில், அதாவது மூன்றாவது கம்பிக் காலில். அந்தப் பின்னைப் படிக்க வேண்டுமானால் முதலில் அதில் ஒன்று என்ற எண்ணை எழுதி வைக்க வேண்டும். சைபர் எழுதிவிட்டால், கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு பெட்டிக்கு மட்டும், சிப்பில் ஏற்றுவதற்கு முன் அவன் எழுதியிருந்த அந்த ஒன்றைச் சைபராக்கினேன். ஒரே ஒரு எழுத்து. பாய் முன்னால் அவன் அசடு வழியட்டும் என்றுதான்.

தாராவியில் வெயிலுமுத்து அண்ணாச்சியின் தோல் பட்டறையில் அந்தப் பெட்டியை மாட்டினோம். மாட்டியதும் சிராஜ் எப்போதும் செய்வதைச் செய்தான். கதவைத் திறந்துவிட்டு, பிரஸ்ஸின் வெட்டும் அச்சுக்கு அடியில் தன் வலது கையை நீட்டினான்.

“நம்ம கைய வச்சுக் காட்டுனாத்தாண்ணே வேலையாளுங்க நம்புவாங்க. பயப்படாம பிந்தாஸா அமுக்குங்க” என்று சிரித்தான்.

பட்டனை அமுக்குவது எப்போதும் நான்தான். அன்றும் அமுக்கினேன்.

கடைசி நேரத்தில் கையை எடுத்துவிடுவான் என்று நினைத்ததாக எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம். எடுக்க மாட்டான் என்று தெரியும். இதற்கு முன் பதினோரு பெட்டிகள் அப்படித்தான் மாட்டியிருக்கிறோம்.

மணிக்கட்டோடு போயிற்று. தப்பு தன் புரோகிராமில்தான் என்று சிராஜே சொல்லி அழுதான். நானும் அழுதேன். பாய் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவன் மேஜையை என்னிடம் தருவார் என்று நாலு மாதம் காத்திருந்தேன். போன வாரம் அவனே திரும்பி வந்து அதில் உட்கார்ந்தான். உட்கார்ந்து அந்தப் பெட்டியின் சிப்பை எடுத்துப் படித்துப் பார்த்தான்; தான் எழுதிய ஒன்று அதில் சைபராக இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டான். அதனால்தான் உங்கள் முன்னால் இருக்கிறேன்.

பொறாமையெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது, சார். இப்போது இடது கையால் டைப் அடிக்கிறான். பாய் அதையும் தங்கக் கை என்கிறார். இரண்டு கையையும் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.