ஒலிபெருக்கிக்காரரின் வேட்புமனு

— அந்த ஆம்ப்ளிஃபயரை ஓரமா வை தம்பி. நான் வாழ்வா சாவான்னு பேசிக்கிட்டு இருக்கேன், நீ அதோட முதுகைக் கழட்டிக்கிட்டு இருக்க.

— ஃபியூஸ் போயிருக்கு தலைவரே. சாயந்திரம் உங்க கூட்டத்துக்குத்தான் வேணும். நீங்க பேசுங்க, என் காது சும்மாதான இருக்கு.

— என் கூட்டத்துக்கு மைக் செட் போடுறவன், என்னை எதிர்த்தே வேட்புமனு போடுறான். வரலாறு உன்னை மன்னிக்காது.

— அது வேற, இது வேற தலைவரே. கூட்டத்துக்கு ஒத்துக்கிட்டேன், வந்து போட்டுத் தருவேன். கூவாம, கரகரக்காம, கடைசி வரிசைக்கும் கேக்கும்.

— கடைசி வரிசைன்னு ஒண்ணு இருந்தாத்தான கேக்குறதுக்கு. இப்போ மணி பன்னிரண்டரை. மூணு மணிக்கு வாபஸ் வாங்குற நேரம் முடியுது. விலகல் கடிதத்தை நானே எழுதி, என் அச்சகத்துலயே அடிச்சு, கையோட கொண்டு வந்திருக்கேன். கீழ உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. போடு. நகராட்சி ஆபீஸுக்கு நானே உன்னை ஸ்கூட்டர்ல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்.

— வைங்க, படிக்கிறேன்.

— ஒரே ஒரு பக்கம். படிக்க என்ன இருக்கு?

— ஒரு பக்கம்தான, சீக்கிரம் முடிஞ்சுடும். அந்தக் கண்ணாடியை எடுங்க. அங்க இல்ல, சால்டரிங் கம்பிக்குப் பக்கத்துல. கையைச் சுட்டுக்காதீங்க.

— இந்தா. தம்பி, நான் இதுவரைக்கும் எத்தனை முறை நின்னேன், சொல்லு.

— நாலு. நாலு தடவையும் நான்தான வயர் இழுத்தேன். முதல் தடவை தொள்ளாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்துல போச்சு. அப்புறம் முந்நூத்தி அறுபது. அப்புறம் நூத்திப் பன்னெண்டு. போன தடவை நாப்பத்தொண்ணு.

— நாற்பத்தொன்று. ஒரே பஸ்ஸுல உட்கார வெச்சு ஊர் சுத்திக் காட்டலாம் அந்த நாற்பத்தொரு பேரை. இருபது வருஷமா நான் ஏறாத மேடை இல்லை, உதறாத துண்டு இல்லை. பெண்ணுக்குச் சொத்து, உழைப்பவனுக்கு மதிப்பு, ஏழைக்குப் படிப்பு. ஒவ்வொரு பேச்சையும் எப்படி முடிப்பேன்?

— 'படி, படி, படி'ன்னு மூணு தடவை.

— மூணாவது 'படி'க்குத் தொண்டை கிழியும். யாருக்காக? இந்த ஊருக்காக. இந்த ஊர் யாருக்கு ஓட்டுப் போட்டுச்சு? மரக்கடைக்காரனுக்கு. அவன் மேடையேறினா 'எல்லாருக்கும் வணக்கம், எல்லாருக்கும் நன்றி'. நடுவுல ஒண்ணும் கிடையாது.

— சுருக்கமா முடிச்சுடுவாரு. எனக்கும் மைக் சூடாகாது.

— நக்கலா? இந்தத் தடவை அந்த நாற்பத்தொண்ணை நான் தாண்டியிருப்பேன். உன் தெருவுல மட்டும் நூத்தி எண்பது ஓட்டு. நாலு தடவையும் எனக்கு விழுந்த ஓட்டு. அதை நீ எடுத்துட்டா அவன் அஞ்சாவது முறையும் பல்லைக் காட்டிக்கிட்டு உள்ளே போவான்.

— அந்த நூத்தி எண்பதும் எனக்கு விழும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா தலைவரே? நான் இன்னும் பண்ணலை.

— தெரியாத மாதிரி பேசாத. போன வாரம் சந்தைத் திடல் கூட்டத்துல எனக்கு எத்தனை கைதட்டல்? நான் எண்ணினேன். ஏழு. அதுலயும் ரெண்டு கொசு அடிச்ச சத்தம். உனக்கு?

— நான் பேசவே இல்லையே.

— டெஸ்ட் பண்ணினியே. 'ஒண்ணு, ரெண்டு, மூணு. பின்னாடி நிக்கிற தையக்காரம்மாவுக்குக் கேக்குதா? நாளைக்குக் காலையில தண்ணி வராது, குடத்தை இன்னிக்கே ரொப்பி வெச்சுக்குங்க. நீலச் செருப்பு ஒண்ணு மேடைக்கிட்ட அனாதையா நிக்குது, ஒத்தைக் காலோட வீட்டுக்குப் போனவங்க வந்து அழைச்சுட்டுப் போங்க.' திடலே சிரிச்சுது. திடலே தட்டுச்சு. மேடைக்குப் பின்னாடி படிக்கட்டுல நின்னு ஒவ்வொண்ணையும் கேட்டேன். அப்புறம் நான் ஏறி 'அடிமைத்தளையின் ஆணிவேரை'ன்னு ஆரம்பிச்சேன். நாற்காலியை மடக்கி வெச்சுட்டு ஒவ்வொருத்தரா வீட்டுக்குப் போயிட்டாங்க.

— குடம் ரொப்பப் போயிருப்பாங்க.

— ஆமா, நீதான அனுப்பினே. வீட்டுல என் பேத்தி கரண்டியை வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டு விளையாடுறா. தாத்தா மாதிரிப் பேசுறாளோன்னு எட்டிப் பார்த்தேன். 'ஒண்ணு ரெண்டு மூணு, கேக்குதா?'ன்னு சொல்றா. என் வீட்டுல, என் ரத்தம்.

— குழந்தை தலைவரே, அதைப் போய்...

— இன்னும் கேளு. ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, உன்னை மாதிரி நானும் சொல்லிப் பார்த்தேன். 'ஒண்ணு, ரெண்டு, மூணு, பின்னாடி கேக்குதா?' என் வீட்டுக்காரி கூடத்துல இருந்து குரல் கொடுக்குறா, 'மைக் செட்காரர் வந்திருக்காரா, காபி போடவா?'ன்னு. முப்பத்தஞ்சு வருஷக் குடித்தனத்துல என் குரலுக்குக் காபி போடவான்னு அவ கேட்டது அன்னிக்கு ஒரு நாள்தான்.

— என்கிட்ட இதை நீங்க சொல்லியிருக்க வேணாம் தலைவரே.

— வேற யார்கிட்டச் சொல்றது? வயிறு எரியுது. மரக்கடைக்காரன் மேல இவ்வளவு எரிஞ்சதில்லை. அவன் எதிரி, ஜெயிக்கட்டும், தோக்கட்டும். நீ எனக்கு மைக்கை நிமிர்த்திக் கொடுத்த கை. அந்தக் கைக்குக் கைதட்டுனா நான் எங்க போய் முட்டிக்கிறது? படிச்சாச்சா?

— நாலாவது வரிக்கு வந்திருக்கேன்.

— இவ்வளவு நேரமா மூணு வரியா?

— நாலாவதை ரெண்டு தடவை படிச்சேன். 'மரக்கடை அதிபரின் தூண்டுதலால் மனுத்தாக்கல் செய்தேன் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.' இதை யாரு ஒப்புக்கிட்டது?

— அது ஒரு சம்பிரதாயமான வரி. விலகல் கடிதம்னா ஒரு காரணம் வேணும்.

— நான் படிக்காமப் போட்டிருந்தா, சாயந்திரம் என் மைக்கிலயே என் பேரைச் சொல்லி இதை வாசிச்சிருப்பீங்க.

— வாசிச்சிருப்பேன். ஒளிக்க மாட்டேன். அரசியல்னா அதுதான்.

— அப்போ இந்தக் காகிதத்தை நீங்களே வெச்சுக்குங்க. ஒரு விஷயம் கேக்கட்டுமா? நாலு தேர்தலுக்கும் ஒரே மனுவை உங்க கையில கொடுத்தேன். ஞாபகம் இருக்கா?

— ஆயிரம் மனு வந்திருக்கும். எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரே கூட்டத்துல, மேடையில நின்னுக்கிட்டே, இருநூத்திப் பன்னெண்டு மனுவுக்குப் பச்சை மையில 'ஆவன செய்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழ ரெண்டு புள்ளி வெச்சவன் நான். மரக்கடைக்காரன் போடுவானா?

— போட மாட்டாரு. நான்தான பையைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து நீட்டுவேன். ஆனா ஒண்ணைக்கூட நீங்க படிச்சதில்ல.

— படிக்கிறவன் குமாஸ்தா. கையெழுத்துப் போடுறவன் தலைவன். அதுவும் நீ நீட்டுறதைப் படிச்சுப் பார்த்தா, உன்னைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடாதா?

— அன்னிக்கும் அதைத்தான் சொன்னீங்க.

— என்னிக்கு?

— விடுங்க. கூட்டம் முடிஞ்சதும் அந்தப் பை எங்க போகும் தெரியுமா? என் வண்டியில, வயர்ச் சுருளுக்கு அடியில. உங்க ஆளுங்க ஒருத்தரும் கேட்டு வந்ததில்ல. நான் கொடுத்த மனு எங்க சந்து முனைக்கு ஒரு விளக்கு. மூணாவது தேர்தல் முடிஞ்ச மாசம், அந்த இருட்டுல என் வீட்டுக்காரி கால் இடறி விழுந்தா. இந்தக் கடைக்கு வயர் சுத்துறவ அவதான். மணிக்கட்டு இன்னிக்கும் முழுசா மடங்காது.

— என்கிட்டச் சொல்லவே இல்லையே நீ.

— எழுதிக் கொடுத்தேன் தலைவரே. நாலாவது மனுவுல முதல் வரியே அதுதான். 'ஆவன செய்க'ன்னு போட்டு, ரெண்டு புள்ளி வெச்சுத் திருப்பிக் கொடுத்தீங்க.

— நான் ஜெயிச்சிருந்தா மறுநாளே விளக்குப் போட்டிருப்பேன்.

— ஜெயிக்காதவனுக்கும் நகராட்சி ஆபீஸ் கதவு திறந்துதான் இருக்கு. போன தேர்தல் முடிஞ்சதும் நானே போனேன். பதினோரு நடை. உங்க பச்சை மையைப் பார்த்ததும் குமாஸ்தா காகிதத்தை ஓரமாத் தள்ளிட்டாரு. 'இந்தக் கையெழுத்து இங்க செல்லாதுய்யா, புதுசா எழுதிக்கிட்டு வா.' எழுதிக்கிட்டுப் போனேன். விளக்கு வந்துச்சு. அப்புறம் பையைத் திறந்து மத்த மனுவையும் ஒவ்வொண்ணாப் படிச்சேன். தையக்காரம்மா வீட்டுப் பட்டா, பள்ளிக்கூடச் சுவரு, சாக்கடை மூடி. எல்லாத்தையும் புதுசா எழுதினேன்.

— அப்படிச் சொல்லு. இப்போ விளங்குது. என் பையை வெச்சு நீ பேர் வாங்கியிருக்க. என் மேடையில வந்த மனு, என்னை நம்பி வந்த ஜனம். நான் விதைச்சேன், நீ மூட்டை கட்டிட்ட.

— உங்க மனு இல்ல தலைவரே. தையக்காரம்மாவோட மனு.

— தையக்காரம்மா, தையக்காரம்மா. உன்னை முன்மொழிஞ்சதும் அந்த அம்மாதானே? சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழியணும். யார் அந்தப் பத்துப் பேர்?

— வேணாம் தலைவரே.

— ஏன் வேணாம்? நீ விலக மாட்ட, அது தெரிஞ்சு போச்சு. சரி, நில்லு. சாயந்திரம் மேடையில அந்தப் பத்துப் பேரையும் பேர் சொல்லி வாசிக்கப் போறேன். என்கிட்டக் கைகட்டி நின்னு மனு கொடுத்துட்டு, உனக்குக் கையெழுத்துப் போட்ட துரோகிங்களை இந்த ஊர் பார்க்கட்டும். என் பேச்சுக்குத் தட்டாத ஊரு, அதுக்குத் தட்டும்.

— நகராட்சி ஆபீஸ் பலகையில நேத்தே ஒட்டிட்டாங்க. நீங்க பாக்கலையா?

— பலகையை நின்னு படிக்கிற வேலையெல்லாம் எனக்குக் கிடையாது. உன்கிட்ட நகல் இருக்குமே, எடு.

— இருக்கு. கலர் நகல்தான். ஆனா நான் சொல்றதைக் கேளுங்க. இன்னிக்கு வேணாம். கூட்டத்துல வேற ஏதாவது பேசுங்க. அந்த ஆணிவேரைப் பத்தியே பேசுங்க.

— பயப்படுறியா? யாரைக் காப்பாத்தப் பார்க்குற? டாக்டரம்மாவா? தபால்காரரா? என் மச்சானா இருக்குமோ? அவன்தான் முதல்ல போட்டிருப்பான், எனக்குத் தெரியும். எடு நகலை. மைக்கைப் போடு. வாசல்ல கிடக்குற ஹாரன் ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பு. சாயந்திரம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்போவே தெரு கேக்கட்டும்.

— மைக் வேணாம் தலைவரே. இருபது வருஷம் உங்களுக்கு மைக் போட்டவன் சொல்றேன். இதை மட்டும் மைக் இல்லாமப் படிங்க.

— சரி. நீயே படி. என் கண்ணாடி ஸ்கூட்டர் பெட்டியில இருக்கு.

— என் கண்ணாடியைப் போட்டுக்குங்க. இதையாவது நீங்க படிங்க.

— கொடு. 'வேட்பாளரை முன்மொழியும் வாக்காளர்கள். வரிசை எண், வாக்காளர் எண், கையெழுத்து.' பத்துக் கையெழுத்து. இது தையக்காரம்மா, குண்டு குண்டா எழுதுறது. இது தபால்காரர். மச்சான் இல்லை, பரவாயில்லை.

— மேல இருந்து படிங்க. ஒண்ணாம் நம்பர்.

— ஒண்ணு. இது... பச்சையா இருக்கு.

— ஆமா.

— கீழ ரெண்டு புள்ளி.

— ஆமா தலைவரே.

— தம்பி, இது என் கையெழுத்து.

— சந்தைத் திடல் கூட்டத்துல போட்டீங்க. சாக்கடை மனுவுக்கும் பள்ளிக்கூட மனுவுக்கும் நடுவுல வெச்சு நீட்டினேன். வாக்காளர் எண்ணை மட்டும் நான் பட்டியலைப் பார்த்து எழுதி வெச்சிருந்தேன். 'தலைவரே, இது ஒண்ணை மட்டும் படிச்சுட்டுப் போடுங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீட்டுறது நீ, அதை ஏன் படிக்கணும்னு சொல்லிச் சிரிச்சீங்க. மேல ஒரே ஒரு வரி படிச்சிருந்தா, அந்த இடத்துலயே கிழிச்சுப் போட்டுட்டு என் வயரைச் சுத்தப் போயிருப்பேன். எனக்கு நானே அப்படித்தான் பேசி வெச்சிருந்தேன்.

— செல்லாது. ஒரு வேட்பாளன் இன்னொருத்தனை முன்மொழியறதாவது? ஆபீஸ்ல தள்ளுபடி பண்ணிடுவாங்க. தூக்கி எறிஞ்சுடுவாங்க.

— நேத்துப் பரிசீலனையில அதிகாரி அந்த ஒண்ணாம் நம்பரைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாரு. புத்தகத்தைப் புரட்டினாரு, சட்டத்துல தடை இல்லைன்னு முத்திரை குத்திட்டாரு. இருபது வருஷத்துல உங்க பச்சை மையை அந்த ஆபீஸ் ஏத்துக்கிட்ட ஒரே காகிதம் இதுதான் தலைவரே.