மூன்று வோட்டுத் தலைவி

மெல்பர்னில் காலை வெரிபீ ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொன்ன ஒரு வாக்கியம் என்னைப் புத்தகத்தை மூட வைத்தது.

“மூண்டு வோட்டாலை வெண்டவ எனக்குப் போன் எடுத்து, ஏன் அக்கா எனக்குக் கை உயர்த்தேல்லை எண்டு கேட்டவ.”

“யாரு அக்கா? தமிழ்ப் பள்ளிச் சங்கத்தோட புதுத் தலைவியா? சண்டை போட்டாங்களா?” என்றார் தமிழ்நாட்டுக்காரரான இளையவர்.

“இல்லை, தெரிஞ்சுகொள்ளத்தான் கேட்டவ. பள்ளிக்கூடத்தைப் பெரிய மண்டபத்துக்கு மாத்துவன் எண்டு சொல்லித்தானே வெண்டவ. அங்கை பஸ் இல்லை, என்னட்டைக் காரும் இல்லை, மகளை எப்பிடிக் கொண்டு வாறது எண்டு சொன்னனான்.”

“மூணு ஓட்டுன்னாலும் ஜெயிச்சாச்சு. மாத்திட வேண்டியதுதானே?”

“அதைத்தான் நானும் கேட்டனான். ‘தலைவிக் கதிரைதான் கிடைச்சிருக்கு அக்கா, உங்கட சம்மதம் இன்னும் கிடைக்கேல்லை’ எண்டவ. ஒரு பள்ளித் தவணை முழுக்கப் பழைய இடத்திலைதான் நடத்தினவ. கார் இல்லாத ஒவ்வொரு பிள்ளையையும் காரிலை கூட்டிக்கொண்டு வர ஆள் பிடிச்ச பிறகுதான் மாத்தினவ.”



“பெரிய மனசுக்கா. எனக்கெல்லாம் அந்தப் பொறுமை வராது. இப்ப உங்க பொண்ணை யாரு கூட்டிட்டுப் போறாங்க?”

“தலைவியோட போட்டி போட்டுத் தோத்தவர். அவரை அவவே வீட்டை போய்க் கேட்டவவாம். சனிக்கிழமை எட்டரைக்கே வாசலிலை வந்து நிக்கிறார்.”