பெரட்டில் நின்றவன்

அலாரம் அடிக்கிறது. விடாமல் அடிக்கிறது. கையில் பாதி உரித்த வெங்காயம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

அலாரத்துக்கு மேல் இன்னொரு சத்தம். லுக்குட் கடைத்தெருவில் புகைக்குழாய் ஓட்டையான மோட்டார் சைக்கிள் போகுமே, அந்தச் சத்தம். நடுக்கடலில் மோட்டார் எப்படி வரும். வருகிறது. மேலே. வலது பக்கம். நெருங்குகிறது.

ஒலிபெருக்கியில் செகண்ட் ஆபீசர் கத்துகிறார்.

"மஸ்டர்! மஸ்டர்! எஞ்சின் ரூம்! எஞ்சின் ரூம்!"

நடைவழி முழுக்க ஆட்கள். எல்லாரும் கீழே இறங்குகிறார்கள். வலதுபக்க இரும்புக் கதவு திறந்து கிடக்கிறது. அதைத் தாண்டும்போது வெளியே பார்க்கிறேன்.

குணா நிற்கிறான்.

உயிர்ப்படகுக்குக் கீழே நிற்கிறான். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறான். வார்களை எல்லாம் இழுத்துக் கட்டியிருக்கிறான். தரையில் மஞ்சள் பெயிண்டால் எண் போட்ட கட்டங்கள். தன் எண் உள்ள கட்டத்தில் நிற்கிறான். நேராக. தனியாக.

"டே குணா! உள்ள வாடா! உள்ள!"

என்னைப் பார்த்தான். கையை ஆட்டி என்னை அழைத்தான்.

"பெரட்டு இங்கலா மணியண்ணே! ஓடியாங்க!"

மோட்டார் சத்தம் நின்றது.

அது நின்றதற்கும் வெடித்ததற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. மிகச் சிறியது. நான் இன்னும் அதற்குள்தான் இருக்கிறேன்.

நான் எழுதிப் பழகியவன் இல்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனால் நடந்ததை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

அது எண்ணெய்க் கப்பல். நான் அதில் சமையல் உதவியாள். குணசேகரன் மேல்தளத்து ஆள். துரு சுரண்டுவான், பெயிண்ட் அடிப்பான், கயிறு இழுப்பான். இருவரும் லுக்குட்டுக்கு உள்ளே இருக்கும் ஒரே ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். அவன் அப்பா அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. தோட்டத்து மேட்டில் ஏறினால் போர்ட்டிக்சன் கடலில் கப்பல்கள் நிற்பது தெரியும். அதைப் பார்த்து வளர்ந்தோம். எனக்குப் பின்னால்தான் அவன் கப்பலுக்கு வந்தான். தோட்டத்து வீட்டு வரிசையில் என் வீட்டுக்கு அடுத்த லயம். எனக்கு ஆறு வயது இளையவன்.

தோட்டத்தில் விடிந்ததும் ஆட்கள் திடலில் கூடுவார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுவார், கிராணி கணக்கு ஏட்டில் குறிப்பார். 'இருக்கேன்' என்றால் அன்று வேலை உண்டு. குரல் வராவிட்டால் ஆள் இல்லை என்று கணக்கு. அதற்குப் பெயர் பெரட்டு. குணா தன் அப்பாவின் குரலில் அதைக் கேட்டு வளர்ந்தவன். கப்பலில் ஆபத்துப் பயிற்சிக்கு எல்லாரும் படகுப் பக்கம் கூடி நிற்க வேண்டும். அதற்குக் கப்பல்காரர்கள் மஸ்டர் என்பார்கள். முதல் பயிற்சியன்றே குணா சொல்லிவிட்டான். "அட, பெரட்டுலா இது."

செகண்ட் ஆபீசர் தூத்துக்குடிக்காரர். அவருக்கு அந்தச் சொல் தெரியாது.

"என்னடே காலையிலேயே பெரட்டல்? கோழியா, நண்டா?"

"சார், இது திங்கிற பெரட்டல் இல்ல. நிக்கிற பெரட்டு."

அதிலிருந்து பயிற்சி என்றால் அவரும் பெரட்டு என்றே சொல்வார். தமிழே தெரியாத பர்மாக்காரச் சமையல்காரர்கூடச் சொல்வார். கப்பலில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் அந்தத் தோட்டத்துச் சொல் தெரிந்திருந்தது.

எங்கள் கப்பலின் கொடி ஒரு தீவு நாட்டுக் கொடி. அந்தத் தீவை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. கம்பெனி வேறு நாடு. எண்ணெய் வேறு நாடு. கொடி மட்டும் தீவினுடையது. அப்போது அந்தக் கடலில் இரண்டு பெரிய நாடுகள் முட்டிக்கொண்டிருந்தன. நேரடியாக இல்லை. ஒருவனுக்கு வேண்டிய சின்ன நாட்டுக் கப்பலை இன்னொருவனுக்கு வேண்டியவன் அடிப்பான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் குணா கேட்டான்.

"சார், நம்மள அடிச்சா யாரு கேப்பா?"

"தீவு கேக்கும்டே."

"தீவுகிட்ட என்னா இருக்கு?"

"ஒண்ணும் கிடையாது. ஆனா தீவுக்குப் பின்னால அந்தப் பெரிய நாடு இருக்கு. பாதுகாப்பு தாறோம்னு கையெழுத்துப் போட்டிருக்கான். கொடிய தொட்டா அவனைத் தொட்ட மாதிரி."

குணா விரல் விட்டுச் சொன்னான். "அப்ப நாம லயத்து ஆளு. கம்பெனி மண்டோரு. தீவு கிராணி. பெரியவன் தொர. சரிதானே?"

"சரிதான்."

"எங்க தாத்தா கத ஒன்னு சொல்வாரு சார். ஜப்பான்காரன் வந்தப்ப வெள்ளக்காரத் தொர ராத்திரியே கார் ஏறிட்டாராம். யாருக்கும் சொல்லல. காலைல எங்காளுங்க பெரட்டுல நிக்கிறாங்க. வெயில் ஏறுது. நிக்கிறாங்க. தொர வருவாரு வருவாருன்னு நிக்கிறாங்க."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் சொன்ன விதம் அப்படி.

உண்மையில் பாதுகாப்பு இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு போர்க்கப்பல் எங்களோடு வந்தது. சாம்பல் நிறம். எப்போதும் வலது பக்கம். சமையலறை வட்டச் சன்னலில் அது தெரியும். அரிசி களையும்போது பார்ப்பேன். இருக்கும். அது இருந்ததால் எங்களுக்குப் பழைய பயிற்சிதான். அலாரம் அடித்தால் வலதுபக்கப் படகு, மஞ்சள் கட்டம், பெரட்டு.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் அரிசி களைந்தேன். சன்னலில் கடல் மட்டும் இருந்தது.

பசியாறும்போது செகண்ட் ஆபீசர் வந்து சொன்னார். தீவு நாடு மற்றப் பெரிய நாட்டுக்குத் துறைமுகம் கட்ட இடம் கொடுத்துவிட்டதாம். எங்களுக்குப் பாதுகாப்புத் தந்தவனுக்குக் கோபம். இனித் தன் சொந்தக் கொடிக் கப்பலுக்கு மட்டும்தான் காவல் என்று சொல்லிவிட்டான். போர்க்கப்பல் விடிவதற்குள் திரும்பிவிட்டது. அதனால் புதிய உத்தரவு. அலாரம் அடித்தால் யாரும் வெளியே நிற்கக்கூடாது. எல்லாரும் கீழே, எஞ்சின் ரூமில் கூட வேண்டும்.

எங்கோ இரண்டு பேர் பேசிய பேச்சு மாறியது. எங்கள் பெரட்டு இடம் மாறியது.

குணா அங்கே இல்லை. வெயில் ஏறும் முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று இருட்டோடு முன்தளத்துக்குப் போயிருந்தான். தோட்டத்துப் பழக்கம். ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனவன். காதில் அடைப்பு, கையில் துரு சுரண்டும் இயந்திரம். வாக்கி டாக்கியில் அவனுக்குச் சொன்னதாக மேல்தளத்து மேற்பார்வையாளர் பிறகு சொன்னார். சொல்லியிருப்பார். அந்த இரைச்சலில் அவனுக்கு எது கேட்டது என்று யாருக்குத் தெரியும்.

நான் நினைப்பது இதுதான். அலாரம் அடித்ததும் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறான். காது அடைப்பைக் கழற்றியிருக்கிறான். ஒலிபெருக்கியில் முதல் சொல் கேட்டிருக்கிறது. மஸ்டர். அதற்குமேல் அவனுக்கு எதுவும் கேட்கத் தேவையில்லை. ஜாக்கெட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு முன்தளத்திலிருந்து படகுவரை ஓடி வந்திருக்கிறான். தன் கட்டத்தில் நின்றிருக்கிறான். சுற்றிலும் பார்த்திருக்கிறான். ஒருவரும் வரவில்லை. என் தலை தெரிந்தது. அழைத்தான்.

வெடித்தது. முதலில் சத்தம் இல்லை. வெளிச்சம். பிறகு கதவே சுவரிலிருந்து பிய்ந்து உள்ளே வந்தது. அதற்கு முன் யாரோ என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தார்கள். யார் என்று இன்றும் தெரியாது. கீழே விழுந்தேன். காதுக்குள் ஒரு கம்பி ரீங்காரம். எண்ணெய் எரியும் வாடை. இரும்பு எரியும் வாடை. பெயிண்ட் வாடை. முந்தின வாரம் குணா அடித்த பெயிண்ட்.

இடதுபக்கப் படகில் இறங்கினோம். செகண்ட் ஆபீசர் தலையில் ரத்தம். பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவராகக் கை தூக்கினோம். "குணசேகரன்," என்றார். அலை படகில் மோதுகிற சத்தம். மறுபடியும் "குணசேகரன்" என்றார். பிறகு சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. மெதுவாக, "பெரட்டுடே குணா, பெரட்டு," என்றார்.

எங்களை ஒரு மீன்பிடிப் படகு ஏற்றிக்கொண்டது. அதில் கொடியே இல்லை.

வலதுபக்கத் தளம் முழுதும் கடலுக்குள் போய்விட்டது. மஞ்சள் கட்டங்களும் போய்விட்டன. அவன் உடல் கிடைக்கவில்லை.

வெடிகுண்டோடு வந்த அந்த ஆளில்லா விமானத்தை அனுப்பியது யார் என்று இரண்டு பெரிய நாடுகளும் ஒன்றையொன்று கைகாட்டின. பிறகு ஒரு நாள் இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஓர் அறையில் கை குலுக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நல்ல வெளிச்சமான அறை. மேசையில் பூ வைத்திருந்தார்கள்.

கம்பெனி விசாரணை கணினித் திரையில் நடந்தது. மூன்று பேர் ஆங்கிலத்தில் கேட்டார்கள். குணசேகரன் மஸ்டரில் இருந்தாரா. ஆமாம் என்றேன். எஞ்சின் ரூமிலா. இல்லை, மஸ்டரில் என்றேன். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தேன். நன்றி சொல்லித் திரையை அணைத்தார்கள். பிறகு அறிக்கை வந்தது. உத்தரவை மீறி ஒரு மாலுமி மட்டும் மஸ்டருக்கு வராமல் வெளியே ஓடினார். பத்திரிகையிலும் அப்படியே வந்தது.

தோட்டத்தில் ரப்பர் போய் இப்போது செம்பனை. நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுப்பார்கள். மட்டை சரியும். ஒரு கணம் அமைதி. பிறகு குலை தொம்மென்று விழும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் வெட்டு நடக்கும் பக்கம் போவதில்லை.

குணாவின் மனைவி லெட்சுமி லுக்குட்டில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கிறாள். பக்கத்தில் மோட்டார் பட்டறை. வெகு நாள் போகாமல் இருந்தேன். மோட்டார்ச் சத்தம் ஒரு காரணம். அவள் முகம் இன்னொரு காரணம். பிறகு ஒரு காலையில் போனேன்.

தோட்டத்து லோரிக்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சொன்னார். "உள்ள இருந்திருந்தா பொழச்சிருப்பான்லா. என்னா அவசரமோ வெளிய ஓட."

லெட்சுமி அவரைப் பார்க்காமல் பொட்டலம் மடித்தாள். "குந்துங்கண்ணே. கோப்பியா, தே ஓவா?"

பட்டறையில் யாரோ மோட்டாரை முடுக்கினார்கள். பிறகு நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. மோட்டார் நின்றது. அது நின்றதுதான் பயங்கரம். காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். லோரிக்காரர் எழுந்து போய், "டே, அத ஆஃப் பண்ணி உள்ள தள்ளுடா," என்று கத்தியது கேட்டது. திரும்பி வந்து அவரே என்னைக் கைப்பிடித்து ஏற்றி உட்கார வைத்தார்.

லெட்சுமி எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒன்னு கேக்கறேன்ணே. நேரா சொல்லுங்க. அவரு பயந்து ஓடுனாரா?"

"இல்ல தங்கச்சி."

"மஸ்டருக்கு வரலன்னு கம்பெனில சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைய கேக்கறாங்க, ஒங்கப்பா ஏன் ஓடுனாருன்னு."

"அவன் ஓடல. அவன்தான் மஸ்டருக்கு வந்தான்."

சொன்னேன். காலையில் இடம் மாறியதைச் சொன்னேன். ஜாக்கெட் வார் கட்டியிருந்ததைச் சொன்னேன். மஞ்சள் கட்டத்தைச் சொன்னேன். கை ஆட்டி அழைத்ததைச் சொன்னேன்.

"பெரட்டுன்னா சொன்னாரு?"

"பெரட்டு இங்கலா, ஓடியாங்கன்னு."

சிரித்துவிட்டாள். "சிரம்பான்ல பேங்க்ல கியூ நின்னாகூட பெரட்டுன்னுதான் சொல்வாரு. எனக்கு மானம் போவும்." சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து கைகழுவினாள்.

"இத எழுதி வைங்கண்ணே. எம்புள்ள படிக்கணும்."

எழுதிவிட்டேன்.

பத்திரிகையில் இழப்புக் கணக்கு வந்தது. எரிந்த எண்ணெய் எவ்வளவு, கடலில் கலந்தது எவ்வளவு, உலகச் சந்தையில் விலை எவ்வளவு ஏறியது என்று இருந்தது. கடைசி வரியில், உயிரிழந்தவர் ஒருவர் மட்டும்.

என் கணக்கையும் போடுகிறேன். கப்பல் ஒன்று. வலதுபக்க உயிர்ப்படகு ஒன்று. கேட்காமல் போன என் இடது காது. லெட்சுமி அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள், அவன் அறையில், பாதி டப்பா. செகண்ட் ஆபீசர் இனிக் கடலுக்குப் போவதில்லை என்று தகவல். தீவு நாட்டின் கொடி இன்னும் பறக்கிறது, வேறு கப்பல்களில்.

குணசேகரன் பெரட்டுக்கு வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது தவறு. சொல்லிக் கொடுத்த இடத்தில் அன்று பெரட்டு நடந்தது. நான் பார்த்தேன்.

வந்தவன் ஒருவன். வராதவர்கள் இருபத்தொரு பேர்.