பெரிய பெரிய வார்த்தை

இல்லம்மா, அந்தக் கிளாஸ் எனக்கு வேணாம். ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன் எல்லாம் எனக்கே தெரியும். வெளிய போர்டுல கடைசியா ஒண்ணு போட்டிருக்கீங்களே, பெரிய பெரிய வார்த்தையெல்லாம் சொல்லித் தர்றதுன்னு, அதான் வேணும். சிரிக்காத கண்ணு. நரைச்ச தலையைப் பார்த்துட்டு, பேரனைச் சேர்க்க வந்திருக்கேன்னுதானே நினைச்சே? எனக்குத்தான். என் வீட்ல என்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு எனக்கு விளங்கணும். வேற ஆசை ஒண்ணும் இல்ல.

ஓரளவுக்கு விளங்கும்மா. சட்டை தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற கம்பெனில செக்கிங் டேபிள்ல இருந்தேன். பாஸ், ரிஜெக்ட், ஆல்டரேஷன், அர்ஜென்ட்டு. சட்டை வாங்கற வெளிநாட்டு பையர் வருவாங்க, நம்ம முன்னாடியே நம்மளப் பத்தி இங்கிலீஷ்ல பேசுவாங்க. கைதானே சட்டையைப் பார்க்குது, காது சும்மாதானே இருக்கு? அப்படி வந்ததுதான். எனக்குப் பேச வராது, மத்தவங்க பேசினா பிடிச்சுக்குவேன். வீட்ல சொல்லிக்கல. இதெல்லாம் ஒரு படிப்பான்னு விட்டுட்டேன்.

என் பையன் இருக்கானே, அவன் பேசினா இங்கிலீஷ்காரனே எழுந்து நிப்பான். எப்படி வந்துச்சுங்கற? நான் வாங்கிக் கொடுத்த அகராதி. தினம் அஞ்சு வார்த்தை சொன்னாத்தான் சோறு. எனக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. அவன் எழுத்துக்கூட்டிச் சொல்வான், நான் புத்தகத்துல விரலை வெச்சு ஒண்ணொண்ணா ஒத்துப் பார்ப்பேன். காலருக்குக் காலர் வெச்சுப் பார்க்கிற மாதிரிதான். ஒரு எழுத்து தப்பினாலும் மறுபடி முதல்லேர்ந்து. அர்த்தத்தை அவனே வெச்சுக்கட்டும்னு விட்டேன். வெச்சுக்கிட்டான்.

மருமகளும் படிச்சவதான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். வேளைக்குச் சோறு, மாத்திரை எல்லாம் சரியா வந்துடும். மூஞ்சியை மட்டும் பார்க்க மாட்டா. நான் நடுவுல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பேன், அவங்க ரெண்டு பேரும் என் தலைக்கு மேல இங்கிலீஷ்ல பேசிக்குவாங்க. இது இருமி இருமி என் தூக்கமே போச்சும்பா. இதுன்னா நான்தான். அன்னையிலேர்ந்து வாயில துணியை அடைச்சுக்கிட்டு இருமினேன். பாத்திரம் சரியாக் கழுவலைம்பா, மறுநாள் ரெண்டு தடவை தேய்ப்பேன். அத்தை இப்பல்லாம் திருந்திட்டாங்கன்னு அதையும் இங்கிலீஷ்லதான் சொன்னா. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு பாரு, அதைச் சொல்லணும். மானங்கெட்ட சந்தோஷம்.

அப்புறம் என்னவா? தவளை தன் வாயால கெட்டுச்சு. ஒருநாள் சாப்பிடறப்ப, அவன் ஆபீஸ் மேலதிகாரியோட டோப்பா லிஃப்ட் கதவுல மாட்டிக்கிட்டு மேல் மாடிக்குப் போயிடுச்சுன்னு இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டு இருந்தான். அவ சிரிக்கறதுக்கு முன்னாடி நான் சிரிச்சுட்டேன். குபீர்னு. அடக்க முடியல. ரெண்டு பேரும் அப்படியே கையில சோத்தோட என்னைப் பார்க்கிறாங்க. பெத்த புள்ளை, அம்மா உனக்குப் புரிஞ்சுதான்னு சந்தோஷமா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்கல. மறுநாள்லேர்ந்து, எனக்கு விளங்கக் கூடாதுன்னு, அகராதி வார்த்தையாப் பேச ஆரம்பிச்சுட்டான். எல்லாம் பத்துப் பதினஞ்சு எழுத்து வார்த்தை. நான் விரல் வெச்சு ஒத்துப் பார்த்த அதே வார்த்தைங்க. சொந்தக் காசுலயே சூனியம் வெச்சுக்கிட்டேன்மா.

விடுவேனா? போனை முந்தானைக்குள்ள வெச்சுப் பிடிச்சேன். அவன் பேசுறதைக் கேட்டு அதுவே தமிழ்ல போட்டுக் காட்டும். பாதிதான் வரும். லயபிலிட்டின்னான். சுமைன்னு வந்துச்சு. இன்எவிட்டபிள்னான். தவிர்க்க முடியாததுன்னு வந்துச்சு. ஆபீஸ் விஷயமா இருக்கும்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டேன்னு வை.

போன வாரம் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். தமிழ்ல, கையைப் பிடிச்சுக்கிட்டு. அம்மா, ஒரு நல்ல இடம் இருக்கு, தோட்டமெல்லாம் இருக்கு, பத்து நாள் ஓய்வா இருந்துட்டு வான்னான். அவன் என் கையைப் பிடிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? சரிப்பான்னுட்டேன். அப்புறம் பார்த்தா மருமக என் துணியெல்லாம் எடுத்து அடுக்கறா. ஒவ்வொரு புடவையிலயும், ஸ்வெட்டர்லயும், போர்வையிலயும் என் பேரைத் துண்டுத் துணில எழுதித் தைச்சிருக்கு. பத்து நாளைக்கு யாராச்சும் போர்வைல பேர் தைப்பாங்களா? பல பேர் சேர்ந்து காலத்துக்கும் இருக்கிற இடத்துல துணி மாறிடக் கூடாதுன்னுதானே தைக்கறது? அதுவும் கோணல் தையல். என் டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.

நேத்து அந்த இடத்துக்காரங்ககிட்ட போன்ல இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருந்தான். நான் டீ கொண்டுபோய் வெச்சேன். அப்ப மட்டும் அவன் பெரிய வார்த்தைக்குப் போகல. பர்மனென்ட்டுன்னான். கம்பெனில வேலை பர்மனென்ட்டு ஆகாதான்னு அத்தனை வருஷம் காத்திருந்தவ நான், அதுக்கு எனக்கு போன் வேணுமா? டம்ளரைச் சிந்தாம வெச்சுட்டு வந்தேன்.

அழாத கண்ணு, நானே அழல. அதான் கேக்கறியா, எல்லாம் தெரிஞ்சுபோச்சே, இனி எதுக்குக் கிளாஸ்னு? வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறான்மா. அந்த இடத்து வாசல் கேட்டுல நின்னு, பத்து நாள்தாம்மான்னு சொல்லுவான். அப்ப நான் அவனுக்கு ஒரு வாக்கியம் சொல்லணும். எனக்குத் தெரியும்டா, பொய் சொல்லாத, போயிட்டு வான்னு. அவ்வளவுதான். என்கிட்ட இருக்கிற இங்கிலீஷ் எல்லாம் கம்பெனில சொன்ன ப்ளீஸ் சாரும் சாரி சாரும்தான். அதை வெச்சு இதைச் சொல்ல முடியாது. அவன் அகராதில இருக்கிற வார்த்தையாப் பார்த்து, நீ கோத்துக் கொடு. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

தமிழ்லயே சொல்லலாமேவா? தமிழ்ல சொன்னா அழுதுடுவேன்மா. இங்கிலீஷ்ல எனக்கு அழத் தெரியாது.