பன்னிரண்டாம் எண்

எனக்குக் கோப்பி-ஓ பிடிக்காது, இன்ஸ்பெக்டர். ஈப்போவில் என்னைத் தெரிந்த கடைக்காரர்கள் கேட்காமலே பால் தேநீர் ஆற்றித் தருவார்கள். ஆனால் தினேஸ்வரி வீட்டில் பதினான்கு மாதம் பாலில்லாத கோப்பி-ஓதான் குடித்தேன். உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டீர்களே, இதுதான் பதில்.

நான் கால்நடை நோய் ஆராய்ச்சி செய்பவன். பத்து காஜா ஊர்ப் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்திலேயே தங்கிவிட்ட குடும்பம் அவர்களுடையது. பதினோரு மாடுகள். இரண்டு மாடு கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடிக்கிறது என்று என்னை அழைத்தார்கள். ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய கொட்டகையில் யாரோ கார் பேட்டரிகளை உடைத்துக் கொட்டியிருந்தார்கள். மாடுகள் போய் நக்கின. ஈயம் மாட்டுக்கு ருசி. முதல் சோதனையிலேயே இரத்தத்திலும் ஈயம், பாலிலும் ஈயம்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் கொட்டகையை அடைத்துவிடுவார்கள். ஒரு மந்தையை ஈயம் எப்படி மெல்லத் தின்கிறது என்று ஆரம்பம் முதல் முடிவுவரை பார்க்க எனக்குப் பதினெட்டு மாதம் தேவைப்பட்டது. அதை எழுதினால் எத்தனையோ மாடுகள் பிழைக்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் வந்த மந்தை. சத்துக் குறைவு என்று சொல்லிவிட்டேன்.

"பால் ஊத்த வேணாமா டாக்டர்? இனிப்புநீர் வியாதியா?" என்றாள் தினேஸ்வரி. தலையாட்டினேன். பக்கத்தில் அவள் மகள் புனிதா, மூன்று வயது, பாலைக் குடித்துவிட்டு வெள்ளை மீசையோடு சிரிக்கும். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொள்வேன். வெட்கமாகத்தான் இருந்தது.

தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகன் கோவிலில் புனிதாவுக்கு மொட்டை. நான் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரன் என்றாலும் அழைத்தார்கள், போனேன். முடியில் ஒரு பிடி கேட்டேன். உடம்பில் ஏறிய ஈயம் முடியில் மாதக்கணக்காகப் பதிந்திருக்கும்.

"சாமிக்கு நேந்த முடிலா டாக்டர்," என்று தயங்கினாள்.

"பிள்ளை ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன்" என்றேன். கண் கலங்கி, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். என் ஆய்வகத்தில் நீங்கள் எடுத்தது அந்தத் துணிதான். மாடுகளுக்குப் பதினொன்று வரை எண் போட்டிருந்ததால் அதற்குப் பன்னிரண்டாம் எண் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் புனிதாவுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் காரணம் தெரியாமல் தவித்தார்கள். ஈயத்துக்கு மருந்து உண்டு. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கட்டிலருகே நின்றேன். நினைவில்லாமலே குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

தினேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் டாக்டர்தானே. சரியாயிடும்னு சொல்லுங்கலா."

"சரியாகிவிடும்" என்றேன். என் ஆராய்ச்சிக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி. மறுநாள் மத்தியானம் புனிதா போய்விட்டது.

அந்தப் பல் சத்தம் என்னை விடவில்லை. நீங்கள் எழுதுவதை நிறுத்தும்போதெல்லாம் இந்த அறையிலும் கேட்கிறது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள். என் அறிக்கையில் குழந்தையின் பெயரை எங்கும் போடவில்லை. அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஒரு சங்கடமும் வரக்கூடாது என்று கடைசிவரை கவனமாக இருந்தேன்.