தலைகீழாக வந்த கோழிகள்

"கோழிங்க இப்ப நிமிந்து ஒக்காந்து வருதுடி."

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் பேருந்தில், என் முன்சீட்டு அம்மாள் சொன்னது. பக்கத்தில் அவள் தோழி, காலடியில் மீன்கூடை.

"கறிக்கடைக்காரன் கேட்டுகினானாக்கா?"

"வண்டியில தலகீழா தொங்கவுடாதன்னு ஆறு மாசமா தெனம் போயி கெஞ்சினேன். 'சாவப்போறதுக்கு இன்னாக்கா சொகுசு'ன்னு சிரிப்பான். 'சாவுற வரைக்கும் வலிக்குமேப்பா'ன்னேன். போன வாரத்துலேர்ந்து கூண்டுல கொண்டாரான், தண்ணியும் வெக்கிறான்."

"அப்பறம்?"

"இன்னிக்கு வேற ஒருத்தன் தலகீழா கட்டிகினு வந்தான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நம்ம கடக்காரன் அவன்கூட சண்டைக்குப் பூட்டான்."

"நீ இன்னா பண்ண?"

"எதிர்க்கடையில ஒக்காந்து நிம்மதியா ஒரு டீ குடிச்சேன்."